பிடிவாதமும் கடைப்பிடியும்

ஈப்போவிலிருந்து பத்து காஜா செல்லும் வழியில் உள்ளது லகாட். ஈயச் சுரங்கங்களுக்கு வந்த சீனரும், இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரும், மலாய்க்காரரும் அருகருகே வாழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் ஊர்களுள் அஃது ஒன்று. இத்தகைய ஊரில், சொன்னதைக் கேளாதவனைக் குறிக்க மூவரும் மூன்று உறுப்புகளைச் சுட்டுவர். மலாயில் அவன் 'கெராஸ் கெப்பாலா', அதாவது கெட்டித் தலையன். (கெப்பாலா வேறன்று, நாம் அறிந்த கபாலமே.) சீனருள் கந்தோனியரும் ஹக்கா மக்களும் அவனை வன்கழுத்தன் என்பர்; ஹக்கா மக்கள் அதனைத் தம் இனத்தின் பெருமையாகவும் சொல்லிக்கொள்வதுண்டு. எபிரேய வழக்கும் அதுவே. ஆதலின் தமிழ் விவிலியத்தில் 'வணங்காக் கழுத்து' இடம்பெற்றது. தமிழரோ இக்குணத்தைக் கையில் வைத்தனர். பிடிவாதம், விடாப்பிடி, உடும்புப்பிடி, குரங்குப்பிடி எனப் பலவும் பிடியின் வழிப் பிறந்தனவே.

பிற சொற்களும் உள. அடம் சிறு பிள்ளைக்கு உரியது. நுகத்தடி வைத்ததும் படுத்துக்கொள்ளும் மாடு சண்டி. அதன் செயல் சண்டித்தனம். வீம்புக்குப் பார்ப்பவர் வேண்டும். தனியே இருப்பவன் வீம்பு செய்தல் அரிது. மூர்க்கன் என்னும் வடசொல் அம்மொழியில் அறிவிலியைக் குறிக்கும். தமிழிலோ கொண்டது விடாதவனைக் குறித்தது. முதலையையும் மூர்க்கனையும் இணைத்துக் கூறும் நம் பழமொழி யாவரும் அறிந்ததே. பர்த்ருஹரியின் நீதி சதகமும், மகரத்தின் பல்லிடையே உள்ள மணியைக்கூடப் பறித்துவிடலாம், பிடித்த பிடி விடாத மூடனின் மனத்தைத் திருப்ப இயலாது என்னும் கருத்தைத் தருகிறது.

இனி, அதே பிடி உயர்ந்த பொருளில் வரும் சொல்லும் தமிழில் உண்டு. அது கடைப்பிடி. அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்பன தலைமகனுக்குரிய நாற்குணங்கள் என்று இறையனார் களவியலுரை வகுக்கிறது. கொண்ட பொருளை மறவாதிருத்தலே கடைப்பிடி. கொண்டதை விடாமை குற்றம். கொண்டதை மறவாமை குணம். இரண்டிற்கும் இடையே மயிரிழை வேறுபாடுதானே எனத் தோன்றலாம். வரிசையை நோக்கினால் ஐயம் தீரும்: கடைப்பிடிக்கு முன் நிற்பது ஓர்ப்பு, அதாவது ஆராய்ந்து தெளிதல். ஆராயாமல் பற்றிய பிடி பிடிவாதம். ஆராய்ந்தபின் பற்றியது கடைப்பிடி.

வள்ளுவரும் இவ்வாறே பிரித்தார். வினைத்திட்பத்திற்கு ஓர் அதிகாரம் தந்து போற்றியவர், புல்லறிவாண்மை அதிகாரத்தில் பிறர் ஏவியும் செய்யாத ஒருவனைச் சாமளவும் தீராத நோய் என்கிறார். ஆயின் ஏவியது செய்யாமை மட்டும் அங்குக் குற்றமாகவில்லை; தானாகவும் தெளியான் என்பதையும் உடன் சேர்த்தே சொல்கிறார். தானே தெளிந்து ஏவலை மறுப்பவன் அக்குறளுக்குள் அடங்கான். கணக்கைத் தன் வழியிலேயே போடுவேன் என நிற்கும் மாணவனைப் பிடிவாதக்காரன் என்று குறித்துவிடும் ஆசிரியர், இவ்விரண்டாம் பாதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

தோட்டங்களிலும் இச்சிக்கல் எழுந்தது. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, வெள்ளைத் துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. துரைமார் சிலருக்கு அது வெறும் முரண்டாகத் தோன்றியிருக்கலாம். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். கேட்டதோ சைக்கிளில் அமர்ந்தபடியே போகும் உரிமை.