மூன்று சுற்றில் நிற்கும் கம்பு

திருச்சி கைலாசபுரம் பெல் ஆலை நகரியத்தில் வெல்டிங் பற்றி மணிக்கணக்கில் பேச ஆள் கிடைக்கும். அங்கிருந்து சாரணர் முகாமுக்குப் போகும் பிள்ளை கற்பதோ நேர் எதிர் வித்தை: வெல்டிங், ஆணி, போல்ட் எதுவுமே இல்லாமல் கம்போடு கம்பைப் பிணைப்பது. சாரணர்கள் இதை ‘லேஷிங்’ என்பார்கள்.

இதன் அருமை மலையில்தான் தெரியும். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் இருக்கும் பச்மரி, சாத்பூரா மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே. 2025 ஜனவரியில் சாரணர் பெருமுகாமான ஜம்போரி தொடங்கிய மணப்பாறை மாதிரி சமதரை அல்ல. பாறையில் முளைக்குச்சி இறங்காது. மரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது. ஆகவே மூன்று கம்புகளை மேல்முனையில் கட்டி விரித்து நிறுத்துவார்கள். மேடு பள்ளத்தில் நான்கு கால் ஆடும், மூன்று கால் ஆடாது.

குறுக்குக் கம்பு கட்ட ‘ஸ்கொயர் லேஷிங்’. நிற்கும் கம்பில், குறுக்குக் கம்புக்குச் சற்றுக் கீழே கிளவ் ஹிட்ச் முடிச்சு. பிறகு கயிற்றைக் குறுக்குக் கம்புக்கு முன்னாலும் நிற்கும் கம்புக்குப் பின்னாலுமாக மூன்று சுற்று. அடுத்து இரு கம்புகளுக்கும் நடுவே விட்டு, சுற்றிய கயிற்றையே நெரித்து இன்னும் இரண்டு மூன்று சுற்று. கட்டின் உயிர் இந்த இறுக்குச் சுற்றில்தான். அவசரக்காரப் பையன்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

முடிச்சுதான் பாரத்தைத் தாங்குகிறது என்று தோன்றும். தாங்குவது உராய்வு. முடிச்சு வெறும் காவல்காரன். கம்பைச் சுற்றச் சுற்றப் பிடிப்பு மடங்கு மடங்காகப் பெருகும். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் போட்ட கணக்கு இது. உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு முனையில் 1 கிலோ இழுப்பு இருந்தாலே போதும்: மறுமுனையில் ஒரு சுற்று சுமார் 6.6 கிலோவை நிறுத்தும், இரண்டு சுற்று 43 கிலோவை, மூன்று 286 கிலோவை. நம்மூரில் சவுக்குக் கம்பில் சாரம் கட்டுகிறவர்களின் கைக்கு இது சூத்திரம் இல்லாமலே தெரியும். நைலான் வழுக்கும், கெழு குறையும். சொரசொரப்பான நார்க்கயிறே மேல்.

நார்க்கயிற்றுக்கும் ஒரு குணம் உண்டு. நனைந்தால் இழை பருத்து நீளம் குறையும். பழைய பருத்தி, சணல் கயிற்றுக் கூடாரமென்றால் பனி இறங்குமுன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் முளைக்குச்சியே பிடுங்கிக்கொள்ளும். வெயில் ஏறிக் காய்ந்ததும் கட்டு நெகிழும். அதனால் மலை முகாமில் கட்டியதன் மேல் யாரையும் ஏறவிடுமுன் ஒவ்வொரு கட்டையும் அசைத்துப் பார்த்து, ஆடுவதை அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள்.