எச்.எஸ்.டி. வீட்டுக்கு எல்லைக்கல் எப்போது வரும்?

மே 31 நெருங்குகிறது. அதற்குள் நில வரி கட்டிவிட வேண்டும் என்பதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. எங்களுக்கு வந்த கடிதங்களும் பெரும்பாலும் தொகையைப் பற்றியவை அல்ல. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்திலிருந்து எழுதியவர்கள் கேட்பது வரிச்சீட்டில் உரிமை வகை என்ற இடத்தில் இருக்கும் எழுத்துகளைப் பற்றி. அண்ணன் வீட்டுச் சீட்டில் கெரான் என்றும் லாட் எண் என்றும் இருக்கிறது. நம் வீட்டுச் சீட்டில் எச்.எஸ்.டி. அல்லது எச்.எஸ்.எம். என்றும் பி.டி. எண் என்றும் இருக்கிறது. அப்படியானால் வீடு நம்முடையதுதானா?

உங்களுடையதுதான். விற்கலாம், வங்கியில் அடமானம் வைக்கலாம், பிள்ளைகள் பெயருக்கு மாற்றலாம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் அந்த உரிமைகளில் எதையும் குறைக்கவில்லை. எல்லைதான் இன்னும் முடிவாகவில்லை. அளவை முடிவதற்கு முன்பே கொடுக்கப்பட்ட உரிமை இது. இறுதி அளவையில் பரப்பளவு கூடலாம், குறையலாம்; வரியும் அதற்கேற்ப மாறும். இறுதி உரிமை வரும்வரை அந்த நிலத்தைப் பிரிக்கவோ பக்கத்து நிலத்தோடு சேர்க்கவோ முடியாது. அப்பா விட்டுப்போன நிலத்தை மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொள்ள நினைத்து நில அலுவலகம் போனால், திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான்.

அதிகாரிகள் இதை ஓர் இடைக்கட்டம் என்பார்கள். பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அதே எச்.எஸ்.டி. சீட்டில் வரி கட்டும் குடும்பத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. இடைக்கட்டத்திலிருந்து இறுதிக்குப் போகும் வழியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தாமதம் புரியும்.

மூலைகளில் எல்லைக்கல் நட்டு, கோடுகளை அளந்து, வரைபடம் தயாரிப்பவர் பெரும்பாலும் உரிமம் பெற்ற தனியார் நில அளவையாளர். அந்த வரைபடத்தைச் சோதித்து ஏற்றுக்கொள்வது ஜுபெம், அதாவது அரசின் நில அளவை, வரைபடத் துறை. அது ஏற்றுக்கொண்ட பிறகுதான் வரைபடம் 'பெலான் அக்குய்' ஆகிறது. அதை வைத்துத்தான் நில அலுவலகம் இறுதி உரிமையைப் பதிகிறது. அளவையாளருக்கு உரிமம் கொடுப்பதும், கட்டணத்தை ஒழுங்குபடுத்துவதும், தவறு செய்தால் விசாரிப்பதும் நில அளவையாளர் வாரியம். அது 1958-ஆம் ஆண்டு உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அந்த வாரியத்தின் தலைவர் ஜுபெம்மின் தலைமை இயக்குநரேதான்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இது. தனியார் அளவையாளரின் வேலையைச் சோதிக்கும் துறைக்குத் தலைவர் அவர்; அந்த அளவையாளர்களின் தொழிலைக் காக்கும் வாரியத்துக்கும் தலைவர் அவரே. உரிமம் பெற்றவரைக் கொண்டு மட்டுமே அளக்க வேண்டும், கட்டணத்தைக் குறைத்தால் தரம் கெடும் என்று அரசு பேசும்போது, பேசுவது சோதனையாளரா, தொழிலின் வக்கீலா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

பணம் போகும் வழி இன்னும் நுட்பமானது. உரிமை அளவைக்கான கூலியை அளவையாளரின் கையில் நேராகக் கொடுத்து முடித்துவிட முடியாது. வேலை தொடங்கும் முன்பே அதை வாரியத்தில் வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும். வேலை நகர நகர வாரியம் அளவையாளருக்கு விடுவிக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு அளவையாளர் மறைய முடியாது. அளந்த பிறகு உரிமையாளர் கொடுக்காமல் ஏமாற்றவும் முடியாது. நல்ல ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைப்புத்தொகை கட்டப்படாவிட்டால் அளவையே தொடங்காது. புதிய தாமானில் அதைக் கட்ட வேண்டியவர் டெவலப்பர். அவர் கட்டினாரா இல்லையா என்பது வரிச்சீட்டில் வராது, சாவி வாங்கிய குடும்பத்துக்கும் யாரும் சொல்வதில்லை. இறுதி உரிமை தாமதமானால் விலை கொடுப்பது அந்தக் குடும்பம்தான்.

கட்டண விகிதத்தையும் சந்தை முடிவு செய்வதில்லை, விதிமுறை முடிவு செய்கிறது. 2012 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த போட்டிச் சட்டம், வியாபாரிகள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. ஆனால் வேறொரு சட்டம் கட்டாயப்படுத்துவதால் ஒருவர் செய்வதற்குப் போட்டிச் சட்டமே விலக்கு தருகிறது. கட்டண விகிதம் விதிமுறையில் இருப்பதால் அதற்கு அந்தக் கவசம் உண்டு. தொழில் சங்கங்களான பெஜுத்தாவும் மலேசிய ராயல் அளவையாளர் கழகமும் தங்கள் உறுப்பினர்களுக்காக அரசிடம் வாதாடுவதை நான் குறை சொல்லமாட்டேன், அதற்குத்தான் சங்கம். மலிவாக அளக்கப் போட்டி போட்டால் முதலில் காணாமல் போவது எல்லைக்கல் என்ற அவர்களின் வாதமும் நியாயமானது. அதே மேசையில் நில உரிமையாளருக்காகப் பேச ஒருவர் வேண்டும். வாரியம் அதற்காக ஏற்படுத்தப்பட்டதல்ல.

துல்லியத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். நாட்டின் மின்னியல் நில அளவைத் தரவுத்தளம் நகரங்களில் 5 செண்டிமீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 10 செண்டிமீட்டருக்குள்ளும் எல்லைப் புள்ளியைக் காட்டும் என்பது துறையின் கூற்று. நான் மறுக்கவில்லை. அந்தப் பெருமை அளந்து முடித்த லாட்டுகளைப் பற்றியது. பி.டி. எண்ணோடு காத்திருப்பவரின் எல்லை அங்கே உத்தேசக் கோடு மட்டுமே. இந்தியாவில் 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், கிராமத்து வீட்டுமனைகளை அரசே ட்ரோன் பறக்கவிட்டு அளக்கிறது. அதன் குறைகள் வேறு. ஆனால் காத்திருப்பவரின் வாசலுக்கு அரசே அளவுகோலோடு போக முடியும் என்பதை அது காட்டுகிறது.

தோட்டத்து மக்களுக்கு அளவுகோல் என்றாலே வேறொரு நினைவு. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் தோட்டம் போட்டதும், பிறகு புக்கிட் அசகானுக்கு விரிந்ததும் இந்த மலாக்கா மாநிலத்தில்தான். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக அளந்து விற்றார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான அந்தத் துண்டாடலை ஆராய்ந்தார். லயத்தை இழந்தவர்களுக்காக துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். பின்னர் நிலச் சட்டத்தில் சேர்ந்த 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைப் பலருக்குப் பிரித்து விற்க தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

தோட்டத்துக்குள் கால் ஏக்கரில் நிற்கும் எங்கள் மாரியம்மன் கோயிலுக்குத் தனி உரிமை கிடைக்குமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு திறமையான அளவையாளர் வந்தாலும் முதலில் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். விவசாய வகை நிலத்தைப் பிரித்தால் பொதுவாக எந்தத் துண்டும் 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு, குறையக்கூடாது. ஆகவே கோயில் மனையின் நில வகையை மாற்ற வேண்டும், அல்லது நிலத்தை மாநில அரசிடம் ஒப்படைத்துப் புதிதாக வழங்கக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டியவர் நில உரிமையாளரான கம்பெனி. கோயில் நிர்வாகம் அல்ல. கம்பெனி மறுத்தால், கோயில் எத்தனை தலைமுறை நின்றிருந்தாலும் அந்த விண்ணப்பம் பிறக்காது. தோட்டத்து நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதே முடிச்சு. தோட்டம் கைமாறும் பேச்சு எழும்போதே, விற்பனைக்கு முன்பே, கம்பெனியிடம் எழுத்தில் ஒப்புதல் கேட்டு வையுங்கள். அளவையாளர் வந்து முளை அடித்த பிறகு கேட்பது மிகத் தாமதம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எச்.எஸ்.டி. என்றால் எந்த அலுவலகம்? மாநில நில, கனிவள அலுவலகம். எச்.எஸ்.எம். என்றால் உங்கள் மாவட்ட நில அலுவலகம்.

டெவலப்பரிடம் என்ன கேட்பது? அளவைக் கூலி வாரியத்தில் கட்டப்பட்டதா, வரைபடம் ஜுபெம்முக்குப் போனதா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

மலாக்கா நகரத்துப் பழைய பத்திரம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? பினாங்கிலும் மலாக்காவிலும் முன்பு பத்திரப் பதிவு முறை இருந்தது. 1966 முதல்தான் இன்றைய முறை.

மே 31-ஐத் தாண்டினால்? வரி பாக்கியாகிவிடும், அபராதம் சேரும்; ஆறு-ஏ படிவம் வந்து மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலமே அரசுக்குப் போகலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டார், நாமே திரும்ப நடலாமா? கூடாது, கல்லைத் தொடுவது குற்றம். உரிமம் பெற்ற அளவையாளர் வந்துதான் நட வேண்டும்.