பூனைக்கும் வரும் இழுப்பு

தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை முன்னே நீட்டி ஒரு பூனை கரகரவென்று செருமத் தொடங்கினால், வீட்டில் இருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: உடம்பை நக்கியதில் முடி தொண்டையில் சிக்கிக்கொண்டது, கக்கிவிட்டால் சரியாகிவிடும். அரை நிமிடத்தில் செருமல் நிற்கிறது, பூனை எழுந்து போய்த் தன் தட்டைப் பார்க்கிறது, சொன்னது சரிதான் என்று ஆகிவிடுகிறது. இந்த ஒரு விளக்கம்தான் வீட்டுப் பூனைகளின் மூச்சுக்குழல் நோயை மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் மறைத்து வைக்கிறது. நக்கி விழுங்கிய முடி போகும் வழி உணவுக்குழல், சேரும் இடம் இரைப்பை. அது திரும்பி வருவதானால் வாந்தியாகத்தான் வரும். வயிறு சுருங்கிச் சுருங்கி விரியும், வாய் பிளக்கும், கடைசியில் ஈரமான முடிச்சுருள் தரையில் கிடக்கும். இருமல் மூச்சுக்குழலிலிருந்து கிளம்புவது. அது முடிந்த இடத்தில் எதுவும் கிடக்காது; மேலே வந்த சளியைப் பூனை விழுங்கிவிடும். ‘இருமி இருமிக் கடைசியில் நுரை கக்கும் பூனையும் உண்டே’ என்று கேட்கலாம். உண்டு. கடுமையான இருமல் ஓங்கரிப்பில் போய் முடிவது குழந்தைகளிடமும் பார்ப்பதுதான். அதனால்தான் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. செருமல் தொடங்கியதிலிருந்து முடிவது வரை கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்தால் அதுவே பாதி நோயறிதல். மருத்துவரின் மேசை மேல் ஏறிய பூனை அநேகமாக இருமிக் காட்டாது.

மனிதருக்கு வரும் ஆஸ்துமாவுக்கு மிக நெருங்கிய ஒன்று பூனைக்கு வருகிறது. வீட்டுப் பூனைகளில் நூற்றுக்கு 1 முதல் 5 வரை இதற்கு ஆளாவதாகக் கால்நடை மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. இளம் வயதிலும் நடு வயதிலும் தலைகாட்டும்; சயாமீஸ் இனத்தில் கூடுதலாகக் காணப்படும். சுவாசத்தோடு உள்ளே போகும் ஏதோ ஒரு பொருளை உடலின் பாதுகாப்பு அமைப்பு எதிரியாகப் பதிந்துகொள்கிறது. அதே பொருள் மறுபடி வரும்போது மூச்சுக்கிளைகளின் சுவர் வீங்குகிறது, உள்ளே சளி சுரக்கிறது, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஈஸினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. ஒரு குழலின் ஆரம் பாதியானால், காற்று சீராக ஓடும் நிலையில்கூட அதன் தடை 2 மடங்கல்ல, 16 மடங்காகும் என்பது பாய்வியல் கணக்கு. பூனையின் சிறு கிளைகள் ஏற்கெனவே சன்னமானவை. ஊதாங்குழலின் உள்சுவரில் ஈரமாவு அப்பியதுபோல அவற்றில் சளியும் வீக்கமும் சேர்ந்தால், காற்று கீச்சிட்டுக்கொண்டுதான் போக முடியும். அந்தக் கீச்சொலிதான் நாம் வீசிங் என்பது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் கிளைகளும் சற்று அகலும். விடும்போது அவை ஒடுங்கும். ஆகவே இந்த நோயில் பூனை திணறுவது பெரும்பாலும் மூச்சை வெளியே விடுவதற்கு. அப்போது வயிறு எக்கி எக்கித் தள்ளும். சத்தம் மூச்சை இழுக்கும்போது வந்தால் கோளாறு மூக்கிலோ தொண்டையிலோ இருக்க வாய்ப்பு அதிகம். தட்டை முகப் பெர்சியப் பூனைகளின் குறட்டை அந்த வகை.

எந்தப் பொருள் இதைத் தூண்டுகிறது என்ற கேள்விக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தனிக் கனம் உண்டு. லீ பஜாரும் அதைச் சுற்றிய மண்டிகளுமாக மொத்த வியாபாரத்தில் வாழும் பகுதி அது. அரிசி, பருப்பு, மிளகாய், வெல்லம் என்று மூட்டை இறங்கும் இடத்தில் எலி சேரும், எலி சேரும் இடத்தில் பூனை சேரும். கடைக்கு மேலேயும் பின்னேயும் குடியிருப்புகள். கொஞ்சம் தள்ளி வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், பற்றவைக்கும் புகையும் அமிலத்தின் ஆவியுமாக. தானியத் தூசியில் இருப்பது மண் மட்டுமில்லை. உமித்துகள், பூஞ்சைவித்து, சேமித்த தானியத்தில் பெருகும் சிற்றுண்ணிகளின் கழிவு ஆகியவையும் உண்டு. இவை ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை என்பது மனிதர்களிடம் நன்கு நிறுவப்பட்டது. பூனைகளிலும் இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட சோதனையில், வீட்டுத் தூசியின் சிற்றுண்ணிப் புரதத்தையும் ஒரு புல்லின் ஒவ்வாமைப் பொருளையும் கொடுத்துப் பூனைகளில் ஆஸ்துமாவையே உண்டாக்கிக் காட்டினார்கள். அந்தப் புல் நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்.

‘அதே காற்றைத்தானே நாங்களும் சுவாசிக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் இல்லையே’ என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அது அதே காற்று அல்ல. துடைப்பம் கிளப்பும் கனத் துகள்கள் அதிகம் மிதப்பது தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில். பூனையின் மூக்கு இருப்பதும் அங்கேதான். கோணிச் சாக்கின் மேலேயே பாதி நாளைத் தூங்கிக் கழிக்கும் பிராணி அது. மூன்று நான்கு கிலோ உடம்பு வேறு. இதையெல்லாம்விட முக்கியம், ஒவ்வாமை என்பது தூசியின் அளவை மட்டும் பொறுத்ததல்ல என்பது. ஒரே சாக்கில் படுக்கும் மூன்று பூனைகளில் ஒன்று மட்டும் இழுப்புக்கு ஆளாகலாம்; ஒரே வீட்டுக் குழந்தைகளிலும் அப்படித்தானே. தூசிக்குப் பெயர் பெற்ற தெருவில் இருப்பதால் எல்லாப் பழியையும் மண்டி மேல் போடுவதும் பிழை. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுக்க எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் வழக்கம் எத்தனை வீட்டில்! கட்டிலுக்கு அடியில் யார் படுத்திருப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் இதே கணக்குத்தான்.

இருமும் பூனையெல்லாம் ஆஸ்துமாப் பூனை என்று நான் சொல்லவரவில்லை. சொல்வது, இருமல் வந்தால் நுரையீரல் பக்கம் பார்க்க வேண்டும் என்பது. அங்கே பார்த்தால் வேறு சிலதும் கிடைக்கும். நத்தையிலும் ஓடில்லா நத்தையிலும் வளர்ந்து, அவற்றைத் தின்ற எலி, பல்லி, குருவி வழியாகப் பூனைக்கு வரும் நுரையீரல் புழு ஒன்று உண்டு. ஆஸ்துமாவை அச்சாக நடிக்கும். வழக்கமான மலப் பரிசோதனையில் தப்பிவிடும். மலத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் புழுக்குஞ்சுகள் நீந்தி இறங்கக் காத்திருந்து பார்க்கும் தனி முறை வேண்டும். கிடைத்துவிட்டால் புழு மருந்திலேயே குணமாகும். வேட்டையாடும் பூனைக்கு ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குமுன் இந்தப் புழு இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அறிவு. தும்மலும் கண்ணில் பீளையும் சேர்ந்திருந்தால் ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்கள் தரும் சளிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இதய நோய் நாய்களை இருமவைக்கும், பூனைகளை அரிதாகவே இருமவைக்கும். இதயம் தளர்ந்த பூனை சத்தமில்லாமல் வேகவேகமாக மூச்சு வாங்கும். எனவே இருமல் இல்லாத மூச்சுத்திணறல் இருமலைவிட மோசமான செய்தியாக இருக்கக்கூடும். ஆழ்ந்து தூங்கும் பூனையின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30க்குள் இருக்க வேண்டும். நாள்தோறும் அதைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய எண் அது.

மண்டிப் பகுதிக்கே உரிய ஆபத்து எலி மருந்து. புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறையும் திறனைக் கெடுத்து எலியைக் கொல்பவை. அதற்குச் சில நாள் பிடிக்கும். அந்தச் சில நாளும் எலி தள்ளாடித் திரிகிறது, தள்ளாடும் எலி பூனைக்குச் சுலபமான இரை. விஷம் பூனைக்கும் ஏறினால் நுரையீரலிலோ நெஞ்சறையிலோ இரத்தம் கசிந்து, இருமலும் திணறலும் வரும், ஈறு வெளுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதுவும் இழுப்பாகவே தெரியும். இன்ஹேலர் இதற்கு உதவாது, வைட்டமின் கே1 உதவும், அதுவும் நேரத்தோடு கொடுத்தால். வீட்டிலோ கடையிலோ எலி மருந்து வைத்திருந்தால் மருத்துவர் கேட்பதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்; முடிந்தால் டப்பாவையே கொண்டுபோக வேண்டும்.

நோயை உறுதிசெய்ய எக்ஸ்ரே முதல் படி. தடித்த மூச்சுக்கிளைகள் அதில் வளையங்களாகவும் இணைகோடுகளாகவும் தெரியும். படம் சுத்தமாக இருந்தாலும் ஆஸ்துமா இல்லை என்றாகாது. மயக்கம் கொடுத்து நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் ஈஸினோஃபில் எண்ணுவதே திடமான சான்று. திணறும் நிலையில் மயக்கமே ஆபத்து என்பதால் எல்லாப் பூனைக்கும் அதைச் செய்வதில்லை. எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி என்றாலே பலருக்குக் கோழிதான் நினைவுக்கு வரும். 1985இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்தில் நாயும் பூனையும் பார்க்கிறார்கள், சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில்.

சிகிச்சையின் முதுகெலும்பு ஸ்டீராய்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் கை பின்வாங்குவது இயல்பு. நீண்ட நாள் கொடுத்தால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்ற பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருமல் நின்ற நாளே மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய இழப்பில் கொண்டுவிடும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் அடங்கிவிட்ட பூனைகளின் மூச்சுக்குழலில் அழற்சி தொடர்ந்துகொண்டிருந்ததை 2011இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது. நாள்பட்ட அழற்சி குழலின் சுவரையே தடிக்கவைத்துவிடும். பிறகு மருந்தால் அதை இளக்க முடியாது. பக்கவிளைவுக்கு வழி, மாத்திரையிலிருந்து மெல்ல இன்ஹேலருக்கு மாறுவது. மனிதர் பயன்படுத்தும் ஃப்ளூட்டிகசோன் பம்பும், ஸ்பேசர் குழாயும், கைக்குழந்தைக்கான சிறு முகமூடியும் போதும். முகமூடியை மூக்கில் பொருத்தி ஏழெட்டு மூச்சு இழுக்கும்வரை பிடித்திருந்தால் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும், உடம்பில் சுற்றுவது குறையும். பூனை இதற்கெல்லாம் உட்காருமா என்று சிரிப்பவர்கள் உண்டு. முதலில் மருந்தில்லாத முகமூடியைக் காட்டி, மோந்து பார்த்ததும் ஒரு துண்டு கருவாடு கொடுத்துப் பழக்கினால் பெரும்பாலானவை உட்காருகின்றன. பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும், அதுவரை மாத்திரையும் வேண்டும். சால்பூட்டமால் பம்பு திடீர்த் திணறலுக்கானது. அதையே தினசரி மருந்தாக ஆக்கினால் அழற்சி கூடலாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அலர்ஜி என்றால் செடிரிசின். பூனைக்கு அது இந்த நோயில் பயன்படுவதில்லை. அது தடுப்பது ஹிஸ்டமினை; பூனையின் ஒவ்வாமையிலோ மாஸ்ட் அணுக்கள் விடும் பொருள்களில் செரடோனினுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இது வீண் செலவு மட்டும்தான். பாராசிட்டமால் அப்படியல்ல. அதைச் சிதைக்கத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லாததால் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உயிரைப் பறிக்கும். நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த களிம்பு ஆகியவற்றை நெஞ்சில் தேய்த்தால் பூனை அதை நக்கி விழுங்கும், அதுவும் நஞ்சு.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவதோ ஈறு நீலம் பாய்வதோ கண்டால் காத்திருக்கக் கூடாது. வெயிலில் நாய் வாய் திறந்து இளைப்பது போலப் பூனையும் இளைக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில்கூட அமைதியாக உட்கார்ந்திருக்கும் பூனை வாய் திறப்பது ஆபத்தின் அடையாளம். அழுத்திப் பிடிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது இரண்டும் கூடாது. காற்றோட்டமுள்ள கூடையில் விட்டு, மேலே மெல்லிய துணி போட்டு, போகும் வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் பரிசோதனைக்கு முன் ஆக்சிஜனை ஆயத்தமாக வைப்பார்கள்.

இன்ஹேலரும் எக்ஸ்ரேயும் வீட்டுப் பூனைக்குச் சரி, மண்டியில் திரியும் பூனைக்கு யார் செய்வது என்ற கேள்வி மீதம் இருக்கிறது. அதற்கு மருந்து கொடுப்பது நடக்கிற காரியமில்லை, ஆனால் அது சுவாசிப்பதும் தின்பதும் கடைக்காரரின் கையில்தான். தரையில் தண்ணீர் தெளித்துக் கூட்டினால் தூசி எழும்பாது. கூட்டுபவரின் நெஞ்சுக்கும் அது நல்லது. பூனை இருக்கும் கிடங்கில் விஷத்துக்குப் பதில் எலிப்பொறி வைக்கலாம். வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூட்டையைத் தார்ப்பாயால் மூடும்போது கிளம்பும் பாஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லக்கூடியது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அதைக் கையாள வேண்டும். அவர்கள் வேலையைத் தொடங்கும் முன் அடுக்குகளின் இடுக்கில் குட்டி போட்ட பூனை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.