கார்ன்வால்: மறுபடியும் சுரங்கத்துக்குள்

இங்கிலாந்தின் கிராமப்புற மாவட்டம் ஒன்று, மூடிய சுரங்கத்தில் வேலை தேடுகிறது.

பூமியில் எங்கே பள்ளம் தோண்டினாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரர் இருப்பார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கோலார் தங்க வயலில் அது நிஜம். 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே வேலையை ஆரம்பித்தபோது, தொழில் தெரிந்தவர்களாக வந்து இறங்கியவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கீழே பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

கார்ன்வால்காரர்கள் கடல் கடந்ததற்குக் காரணம் பிழைப்பு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கடலும் மேய்ச்சல் நிலமுமாக இருக்கும் அந்த மாவட்டத்தில், 1860களில் செம்பு விலை விழுந்ததும் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. மிஞ்சியது வெள்ளீயம். அதற்கும் 1985 அக்டோபரில் இடி விழுந்தது. விலையைத் தாங்கிப் பிடித்துவந்த சர்வதேச வெள்ளீயக் கவுன்சில் பணமில்லாமல் கைவிரிக்க, விலை சில மாதங்களில் பாதிக்கும் கீழே போனது. கடைசிச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998 மார்ச்சில் மூடப்பட்டது.

பிறகு சுற்றுலாதான் கதி. செயின்ட் ஆஸ்டல் அருகே பீங்கான் களிமண் தோண்டிய குழியில் 2001ல் 'ஈடன் ப்ராஜெக்ட்' தோட்டம் எழுந்தது. பழைய சுரங்கப் பகுதிகளுக்கு 2006ல் யுனெஸ்கோ பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது. ஆனால் கோடையில் கிடைக்கும் ஓட்டல் வேலை குளிர்காலத்தில் சோறு போடாது. வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடுகளாக வாங்கிப் போட, உள்ளூர் இளைஞர்களுக்கு வீட்டு விலை எட்டாத உயரத்தில். வறிய பகுதி என்று ஐரோப்பிய யூனியன் நிதியை அள்ளிக் கொடுத்தது; இருந்தும் 2016ல் 56.5 சதவிகித வாக்காளர்கள் யூனியனிலிருந்து விலகவே வாக்களித்தார்கள்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. மின்னணுப் பொருட்களுக்கு வெள்ளீயப் பற்றுவைப்பு வேண்டும். பேட்டரிக்கு லித்தியம் வேண்டும். இரண்டும் கார்ன்வால் மண்ணில் உண்டு. சவுத் கிராஃப்டியில் தேங்கிய நீரை இறைக்கும் வேலை 2023ல் தொடங்கியது. 2025ல் பிரிட்டிஷ் அரசின் நிதியமும் பணம் போட முன்வந்தது. சுரங்கம் திறந்தால் சுமார் 300 பேருக்கு நேரடி வேலை என்கிறது நிறுவனம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உழைத்த மாவட்டத்துக்கு இது சொற்பம்தான். ஆனால் வருடம் முழுவதும் சம்பளம் வரும் வேலை.

கோலார் சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. அங்குள்ள தமிழர்களுக்கு அதிகாலை ரயிலில் ஏறினால் பெங்களூரில் பிழைப்பு. பென்சான்ஸிலிருந்து லண்டனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம். தினமும் போய்த் திரும்ப முடியாது. ஆகவேதான் பழைய பள்ளத்தையே திரும்பவும் எட்டிப் பார்க்கிறார்கள்.