மணி தேடும் பயணம்

மணிகளை அணிந்து மகிழ்வோர் உலகிற் பலர். அவற்றை விலை பேசி விற்போரும் உளர். ஆயின், அம்மணிகள் மண்ணிற் கிடக்குங்கால் எவ்வாறு தோன்றும் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. கடையிற் கண்ணாடிப் பேழைக்குள் ஒளிரும் நீலமணி, நிலத்திற் கிடந்தபோது கூழாங்கற்களுள் ஒன்றாகவே கிடந்தது. அதனை ஏனைய கற்களினின்றும் பிரித்தறிந்தது ஒருவருடைய கண். வெளிக்கொணர்ந்தது ஒருவருடைய உழைப்பு. அக்கண்ணும் உழைப்பும் தமக்கும் வாய்க்குமா என்று பார்க்கும் அவாவினால், ஆண்டுதோறும் மக்கள் பலர் கூடாரங்களுடன் புறப்பட்டுச் செல்லும் இடம் ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. அவ்விடத்தின் இயல்பையும், அங்கு ஒரு நாட்பொழுது கழியும் வகையையும் இப்பாடத்திற் காண்போம்.

ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடகிழக்கில் அமைந்துள்ளது குவீன்ஸ்லாந்து மாநிலம். அதன் கிழக்குக் கரையை அடுத்த ராக்ஹாம்ப்டன் நகரினின்றும் மேற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் சென்றால் எமரால்டு என்னும் ஊரை அடையலாம். மகர ரேகை இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. எமரால்டு என்பது மரகதத்திற்குரிய ஆங்கிலப் பெயர். ஆயினும், அவ்வூரில் மரகதம் கிடைப்பதில்லை. அங்கிருந்த மேய்ச்சற் பண்ணை ஒன்றன் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. மணி நாடுவோர் அவ்வூரைக் கடந்து மேலும் மேற்கே செல்வர். அங்கே அனாக்கி, சஃபையர், ரூபிவேல், வில்லோஸ் என்னும் சிற்றூர்கள் உள்ளன. சஃபையர் என்பது நீலமணியைக் குறிக்கும் சொல். இப்பெயர் பொய்க்கவில்லை. 1870களில் ஆர்ச்சிபால்டு ஜான் ரிச்சர்ட்சன் என்னும் நில அளவையாளர் இப்பகுதியில் நீலமணிகளைக் கண்டார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் மணி அகழ்தல் அங்கு ஒரு தொழிலாக வளர்ந்தது.

நீலமும் மாணிக்கமும் வெவ்வேறு மணிகள் என்றே நாம் கருதுகிறோம். உண்மையில் அவை இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் குருந்தம் என்னும் கனிப்பொருளின் வகைகளே. இக்கனிப்பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் தமிழ்க் குருந்தத்தினின்றே பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சி வல்லார். அலுமினியமும் பிராணவாயுவும் கூடியமைந்ததே குருந்தம். தூய குருந்தத்திற்கு நிறமில்லை. அதனுடன் குரோமியம் சிறிதளவு கலப்பின் செந்நிறம் தோன்றும்; அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலப்பின் நீலநிறம் தோன்றும். குவீன்ஸ்லாந்தில் நீலமே அன்றிப் பச்சையும் மஞ்சளுமான குருந்தக் கற்களும் கிடைக்கின்றன. ஒரே கல்லில் இரு நிறங்கள் அமைந்திருத்தலும் உண்டு. கடினத்தன்மையில் வயிரத்திற்கு அடுத்த நிலையிற் பேசப்படுவது குருந்தமே. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துங்கால், வயிரத்திற்கு 10ஆம் இடமும் குருந்தத்திற்கு 9ஆம் இடமும் அளிப்பர்.

இக்கற்கள் அந்நிலத்திற்கு எவ்வாறு வந்தன? பல கோடி ஆண்டுகட்கு முன்னர் அப்பகுதியில் எரிமலைகள் இருந்தன. நிலத்தின் ஆழத்தில் உருவாகியிருந்த குருந்தக் கற்களை எரிமலைக் குழம்பு மேலே சுமந்து வந்தது. குழம்பு ஆறிப் பாறையாயிற்று. வெயிலும் மழையும் அப்பாறையை நாளடைவிற் சிதைத்து மண்ணாக்கின. கடினமிக்க குருந்தமோ சிதையாது நின்றது. பெருக்கெடுத்த நீரோடைகள் மண்ணை அடித்துச் சென்றபோது, கனம் மிகுந்த மணிகள் கூழாங்கற்களோடு ஓடைகளின் படுகைகளிலே தங்கிவிட்டன. பின்னர் அவ்வோடைகள் திசைமாறின, படுகைகள் மண்மூடின. இவ்வாறு மூடுண்டு கிடக்கும் கூழாங்கற் படலத்தை அங்குள்ளோர் ‘வாஷ்’ என்று அழைப்பர். சிலவிடங்களில் அது நிலத்தின் மேற்பரப்பிலேயே காணப்படும். வேறு சிலவிடங்களிற் பல மீட்டர் ஆழத்தில் இருக்கும். மணி தேடுவோர் நாடுவதெல்லாம் இப்படலத்தையே.

ஆஸ்திரேலியாவில் மே முதல் ஆகஸ்டு வரையுள்ள திங்கள்கள் குளிர்ந்தவை. கோடையின் கொடிய வெப்பம் தணிந்திருக்கும் அப்பருவத்திலேதான் பயணிகள் மிகுதியாக வருவர். பணியினின்றும் ஓய்வுபெற்ற முதியோர், விடுமுறையிற் சிறுவரை அழைத்து வரும் பெற்றோர், தொலைவான நகரங்களிலிருந்து வரும் இளைஞர் எனப் பலதிறத்தாரும் அங்கே கூடுவர். ஒருவரையொருவர் முன்பின் அறியாத அவர்கள், அருகருகே கூடாரம் அடித்து ஒரே அடுப்பைச் சூழ்ந்து அமர்ந்த பின்னர் உறவினர்போல் ஆகிவிடுவர்.

எண்ணியவர் எண்ணிய இடத்தில் நிலத்தைத் தோண்ட அங்கு இயலாது. குவீன்ஸ்லாந்து அரசு 1994ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. மணி தேடுவோர் முதலில் உரிமச்சீட்டுப் பெறவேண்டும். தேடுதற்கு இசைவுள்ள நிலங்களிலேயே தேடவேண்டும். அந்நிலங்களிற் கூடாரம் அடித்துத் தங்குதற்கும் இசைவு பெறுதல் வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, சல்லடை முதலிய கைக்கருவிகளையே கையாளலாம். மண்ணை வாரும் பொறிகளைக் கொண்டுவருதல் கூடாது. பொழுதுபோக்கிற்கும் கல்விக்கும் உரியதே இவ்வுரிமம். வாணிகம் செய்தற்கு உரியதன்று. ஓர் எந்திரம் ஒரு நாளில் அள்ளும் மண்ணை ஒரு மனிதன் பல திங்கள் உழைத்தும் அள்ள இயலாது. எந்திரத்திற்கு இடமளித்தால் வலியவர் சிலரே நிலம் முழுவதையும் வாரிக்கொள்வர். கைக்கருவி என்னும் கட்டுப்பாடு இருத்தலினாலேயே, இன்று வரும் சிறுவனுக்கும் ஒரு மணி அங்கே காத்திருக்கிறது.

பொழுது புலர்ந்ததும் பயணிகள் எழுவர். முதல்நாள் இரவில் மழை பெய்திருப்பின் அவர்தம் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. மழைநீர் மேலேயுள்ள புழுதியைக் கழுவிவிடும். நிலத்தின் மேற்கிடக்கும் மணிகள் கழுவப்பட்டுப் பளிச்சிடும். அப்பொழுது கருவி எதுவும் இன்றியே மணி தேடலாம். கதிரவனை எதிர்நோக்கி, தலையைத் தாழ்த்தி, மெல்ல மெல்ல நடத்தல் வேண்டும். சாய்ந்து வரும் காலைக்கதிர் கல்லின் உட்புகுந்து கண்ணை எட்டும். மணி சிறு விளக்கென மின்னும். கதிரவனுக்கு முதுகுகாட்டி நடப்பவர் தம் நிழலையே காண்பர். விரைந்து நடப்பவரும் மணியைத் தவறவிடுவர். உடைந்த கண்ணாடிச் சில்லு மின்னுவதைக் கண்டு ஓடிச்சென்று ஏமாறுவோரும் உண்டு. அதைக் கண்டு உடன்வந்தோர் நகைப்பதும் உண்டு.

வெயில் ஏறியபின் அகழும் வேலை தொடங்கும். மேல்மண்ணை அகற்றிக் கூழாங்கற் படலத்தை எட்டியவுடன், அதனைக் கடப்பாரையால் இளக்கி வாளியில் நிரப்புவர். பின்னர் இரண்டு சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சலிப்பர். மேற்சல்லடையிற் பெருங்கற்கள் தங்கும். நுண்மண் இரண்டையும் கடந்து கீழே விழும். இடைப்பட்ட கற்கள் கீழ்ச்சல்லடையில் நிற்கும். பெருங்கற்களைப் பாராமலே வீசிவிடுதல் தவறு. பெரியதொரு மணி அவற்றிடையே இருத்தலும் கூடும்.

அடுத்து வருவது அலசும் வேலை. நீர் நிறைந்த தொட்டி ஒன்றன்மேல் நீண்ட கைப்பிடியில் சல்லடை தொங்கும். இவ்வமைப்பை ‘வில்லோபி’ என்பர். கைப்பிடியை இயக்கிச் சல்லடையை நீருக்குள் மேலும் கீழுமாக அசைப்பர். இதன் நுட்பம் எளியது. குருந்தம் தன்னளவு நீரைப்போல் நான்கு மடங்கு கனமுடையது. ஆற்றுமணலிற் காணும் வெண்கல்லாகிய குவார்ட்ஸ் இரண்டரை மடங்கிற்குச் சற்றே மிகுந்த கனமுடையது. அசையுந்தோறும் கனம் குறைந்த கற்கள் மேலெழும்பி விலக, கனம் மிகுந்தவை கீழிறங்கிச் சல்லடையின் நடுவே ஒன்றுசேரும். பின்னர்ச் சல்லடையைப் பலகையின்மேற் சட்டெனக் கவிழ்ப்பர். அப்பொழுது அடியில் இருந்தவை மேலே வரும். பணியாரத்தைத் தட்டிற் கவிழ்த்தாற்போல் விளங்கும் அக்குவியலின் நடுவிலேதான் அனைவர் கண்களும் பதியும். ஈரம் உலர்வதற்குள் மணியைக் கண்டுகொள்ள வேண்டும். உலர்ந்தபின் அதுவும் மற்றைக் கற்களைப்போல் மங்கிவிடும்.

புதிதாக வந்தவர் குவியலைக் கண்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று தள்ளிவிடுவது வழக்கம். அருகிலிருக்கும் பழகிய முதியவர் அதனுள்ளிருந்து கரிய துண்டொன்றை விரலால் எடுத்துக் கதிரவனை நோக்கிப் பிடிப்பார். கரியது என்று தோன்றிய கல் உள்ளே கடல்நீலமாய்ச் சுடரும். “மேலே பாராதீர், ஊடே பாரும்” என்பதே அங்கே முதலிற் கற்பிக்கப்படும் பாடம். மணியின் எண்ணெய்ப் பளபளப்பு, கையில் உணரும் கனம், ஒளி ஊடுருவும் வகை ஆகியவற்றை ஒருமுறை கண்டறிந்தவர் மறப்பதில்லை. அதன்பின் முன்பு பிறர் கழித்துக் கொட்டிய பழங்குவியல்களைக் கிளறியே மணி எடுப்பாரும் உளர். கற்பித்தவர் தாம் எடுத்துக் கொடுத்த மணியில் பங்கு கேட்பதில்லை. தாமும் ஒரு காலத்தில் மற்றொருவரிடம் இவ்வாறே கற்றதை அவர் அறிவார்.

இம்மகிழ்ச்சியினூடே இடர் ஒன்றும் மறைந்திருக்கிறது. மணியுள்ள படலம் குழியின் அடியோடு நின்றுவிடாது. பக்கவாட்டிற் சுவருக்குள்ளும் செல்லும். ‘இன்னும் ஒரு முழம் குடைந்தால் பெருமணி கிடைக்கும்’ என்னும் ஆசை அப்பொழுது எழும். சுவரைக் குடையக் குடைய, மேல்மண் தாங்குவாரின்றி நிற்கும். அது சரியுமாயின் உள்ளிருப்பவர் உயிர் பிழைத்தல் அரிது. ஆதலின் சுரங்கம்போற் குடைதலைச் சட்டம் தடுத்துள்ளது. பழைய காலத்தில் தோண்டிக் கைவிடப்பட்ட ஆழ்குழிகளும் அந்நிலத்தில் உண்டு. புதரிடையே கண்ணை மூடிக்கொண்டு நடப்பவர்க்கு அவையே எமனாகும். ஆசைக்கு எல்லை வகுத்துக்கொள்வது அங்கே அறநூல் கூறும் அறிவுரை மட்டும் அன்று, உயிர்காக்கும் விதியுமாகும்.

மாலையில் அனைவரும் கூடாரத்திற்குத் திரும்புவர். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவர். கோதுமை மாவைப் பிசைந்து கனலிற் சுட்ட ‘டாம்பர்’ என்னும் ரொட்டியும், தகரக் குவளையிற் காய்ச்சிய தேநீரும் அன்றைய விருந்து. வானில் தென்சிலுவை விண்மீன்கள் தோன்றும். பகலில் எடுத்த மணிகள் கைமாறிக் கைமாறி எல்லாராலும் பார்க்கப்படும். அப்பொழுது அப்பகுதியில் நடந்த ஒரு செய்தி பேசப்படாமல் இருப்பது அரிது.

1938ஆம் ஆண்டில், ராய் ஸ்பென்சர் என்னும் 12 வயதுச் சிறுவன் அங்கே கோழிமுட்டையினும் பெரிய கரிய கல்லொன்றைக் கண்டெடுத்தான். அவன் தந்தை மணி அகழும் தொழிலினர். அவர் அக்கல்லைப் பார்த்தார். நீலமாய் ஒளி ஊடுருவும் கல்லையே மணியென மதித்துப் பழகியவராதலின், அதனைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது அவர்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கல்லாகக் கிடந்தது. 1947ஆம் ஆண்டில் ஹாரி கசாஞ்சியன் என்னும் அமெரிக்க மணி வணிகர் அதனைக் கண்டார். சில குருந்தக் கற்களின் உள்ளே நுண்ணிய ஊசி போன்ற படிகங்கள் ஒழுங்குற அமைந்திருக்கும். அவற்றைக் குமிழ்வடிவிற் கடைந்தால் மேற்பரப்பில் ஆறு கதிருடைய விண்மீன் தோன்றும். இக்கல்லினுள்ளும் அவ்விண்மீன் உறங்குகிறது என்று அவர் உணர்ந்தார், விலைகொடுத்து வாங்கினார். கடைந்து முடித்தபோது அது 733 காரட் எடையுள்ள மணியாயிற்று. ஐந்து காரட் ஒரு கிராமாதலின், அதன் எடை ஏறத்தாழ 147 கிராம். ‘குவீன்ஸ்லாந்தின் கரிய விண்மீன்’ என்னும் பெயரால் அது உலகப்புகழ் பெற்றது.

இதனைக் கேட்டுத் தந்தையை எள்ளி நகைத்தல் பொருந்தாது. அவர் அறியாதவர் அல்லர்; தாம் அறிந்த அளவைக்கொண்டே அளந்தவர். ஒன்றை நன்கு அறிந்த கண்ணும் தான் கற்றறியாத மற்றொன்றைக் காணாமற் போகும். கதவருகே கிடந்த பத்தாண்டுகளிலும் கல் மாறவில்லை. அதனைப் பார்த்த அறிவே மாறியது. ஆகவேதான் அங்குள்ள முதியோர், ஐயம் எழும் எக்கல்லையும் வீசுமுன் மற்றொருவரிடம் காட்டுக என்று இளையோர்க்குச் சொல்கின்றனர்.

புறப்படும் நாளன்று பயணிகள் தாம் தோண்டிய குழிகளை மூடி, மண்ணைச் சமன்படுத்துவர். மேயும் கால்நடைகளும், பின்வரும் சிறுவரும் அவற்றில் விழாதிருத்தல் வேண்டும் அன்றோ? தீயை நீரூற்றி அவித்து, குப்பையைக் கட்டி உடன் எடுத்துக்கொள்வர். பலருடைய பையிற் சிறுசிறு மணிகள் சிலவே இருக்கும். அவற்றின் விலை பயணச் செலவிற்கும் போதாது. ஒன்றும் பெறாது திரும்புவோரும் உண்டு. எனினும் அவர்கள் முகத்தில் வாட்டம் இல்லை. பொறுமையாகப் பார்க்கக் கற்றதும், தெரிந்ததைப் பிறர்க்குச் சொல்லி, தெரியாததைப் பிறரிடம் கேட்டு, முன்பின் அறியாதாரோடு ஒரு நாள் வாழ்ந்ததும் அவர்கள் பெற்ற பேறு. அடுத்த ஆண்டு மழை பெய்து மண் கழுவப்படும்பொழுது, அவர்கள் மூடிச்சென்ற நிலத்தின்மேல் வேறு சிலர் கதிரவனை நோக்கி நடப்பர்.