அத்திப்பூவின் இரகசியம்

எப்போதோ ஒருமுறை வரும் உறவினரை, "அத்தி பூத்தாற்போல் வந்திருக்கிறீர்களே!" என்று வரவேற்பது நம் வழக்கம். உண்மையில் அத்தி ஆண்டில் பலமுறை பூக்கிறது. நாம் பிஞ்சு என்று கருதுவதே அதன் பூங்கொத்து. எண்ணற்ற சிறு பூக்கள் அதனுள்ளே மறைந்து நிற்கின்றன. தேனீக்கும் வண்டுக்கும் அங்கே வழியில்லை.

கடுகளவேயான ஒரு குளவிக்கு மட்டும் வழியுண்டு. பிஞ்சின் நுனியிலுள்ள நுண்துளை வழியே பெண் குளவி நெருக்கியடித்து உள்ளே புகுகிறது. புகும்போதே அதன் சிறகுகள் பெரும்பாலும் ஒடிந்துவிடும். தான் பிறந்த மரத்திலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. சில வாரங்களில் அடுத்த தலைமுறை தோன்றுகிறது. முதலில் வரும் ஆண் குளவிகளுக்குச் சிறகே இல்லை. இணைசேர்ந்து, பெண் குளவிகள் வெளியேறச் சுவரைக் குடைந்து வழி செய்வதோடு அவற்றின் வாழ்வு முடிகிறது. அவ்வேளையில்தான் உள்ளிருக்கும் ஆண் பூக்கள் மகரந்தம் தருகின்றன, என்னே பொருத்தம்! அதைச் சுமந்து பறக்கும் பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாளே. அதற்குள், பூக்கும் பருவத்திலுள்ள தன் இன மரத்தை மணத்தாலேயே கண்டடைய வேண்டும். ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறொன்று, அத்திக்கு மற்றொன்று.

இவ்வுறவை அறியாமல் இடர்ப்பட்டவர்கள் கலிபோர்னிய உழவர்கள். துருக்கியின் ஸ்மிர்னா நகரத்து உலர்ந்த அத்திப்பழத்தின் சுவையில் மயங்கி, 1880-களின் தொடக்கத்தில் அதன் துண்டுக் கிளைகளைத் தருவித்து நட்டனர். மரங்கள் செழித்தன, பிஞ்சுகளோ பழுக்காமல் உதிர்ந்தன. துருக்கியர் ஏமாற்றிவிட்டனர் என்று குறைகூறியோரும் உண்டு. இவ்வகையில் மகரந்தம் தரும் காட்டு அத்தி தனி மரம். குளவி வளர்வதும் அதில்தான். கிரேக்கர் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த செய்தி இது! ஃபிரெஸ்னோவில் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ரோடிங், 1890-இல் கையாலேயே மகரந்தத்தைச் செலுத்திப் பார்த்தார். சில பழங்கள் கனிந்தன. இறுதியில், தாவர அறிஞர் வால்டர் சுவிங்கிள் அல்ஜீரியாவிலிருந்து குளவிகள் நிறைந்த காட்டு அத்திக் காய்களை அனுப்பினார். 1899-இல் குளவி அங்கே நிலைபெற்றது. அதன்பின்னரே தோட்டங்கள் பலன் தந்தன.

மற்ற மரங்கள் கனியற்றிருக்கும் காலத்திலும் ஆலோ அத்தியோ எங்கேனும் பழுத்திருக்கும். குக்குறுவானும் குயிலும் வௌவாலும் குரங்கும் அந்நாட்களில் அதை நம்பியே பிழைக்கின்றன. சாலையோரத்து ஆலமரங்களை ஒவ்வொன்றாக வீழ்த்தும்போது, ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெருகுகிறது. அதைக் கடக்க ஓரிரு நாளே ஆயுளுள்ள குளவியால் இயலுமா? வெப்பம் சில பாகை உயர்ந்தாலும் அவ்வாயுள் இன்னும் சுருங்கும் என்று சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் காட்டியது.

குளவியில்லா மரத்தின் கதி என்ன? சக்கேயு ஏறிய காட்டு அத்தியை நினைவுகூரலாம். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் பண்டைக் காலத்திலேயே எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் சென்றது. அதற்குரிய குளவியோ அங்கு நிலைபெறவில்லை. எனவே அந்நாட்டார் காய்களைக் கத்தியால் கீறிப் பழுக்கவைத்தனர். இறைவாக்கினர் ஆமோஸ் செய்துவந்த தொழிலும் இதுவே என்பர். பழம் இனித்தது, முளைக்கும் விதை மட்டும் அதில் இல்லை. கிளையை வெட்டி நட மனிதன் இருந்த இடத்தில்தான் அம்மரமும் இருந்தது.