மார்பகப் புற்று நோய்: காட்டிக் கொடுக்குமா தங்கத் தூள்?

பனி மூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுவது எப்படியோ, அப்படித்தான் சில பெண்களின் மார்பக எக்ஸ்ரே படத்தில் கட்டியைத் தேடுவதும். 'மம்மோகிராம்' எனப்படும் இப்படத்தில் கொழுப்பு கருமையாக விழும். சுரப்பித் திசு வெள்ளையாக விழும். புற்றுக் கட்டியும் வெள்ளைதான்! இளம் வயதினருக்குச் சுரப்பித் திசு அதிகம். மேல்நாட்டாரை விட நம் நாட்டுப் பெண்களுக்கு இந்நோய் இளம் வயதிலேயே வருவது அதிகம் என்பதால், இது நமக்குச் சிறிய சங்கடம் அல்ல.

கட்டிக்கு மட்டும் சாயம் பூசிக் காட்ட முடிந்தால்? அதற்காக விஞ்ஞானிகள் நாடியிருப்பது தங்கத்தை. நகைக் கடைத் தங்கம் அல்ல; ஒரு மீட்டரை 100 கோடியாகப் பிரித்தால் வரும் 'நானோமீட்டர்' கணக்கில் அளக்கும் துகள்கள். வழக்கமாக ஊசி மூலம் ஏற்றும் அயோடின் மருந்தின் அணு எண் 53. தங்கத்துக்கு 79. கனத்த அணு எக்ஸ்ரே கதிரை நன்றாக மறிக்கும். மேலும், அவசர கதியில் வளரும் புற்றுக் கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டைப் பானை போன்றவை. துகள்கள் அங்கே கசிந்து தங்கிவிடும். 1.9 நானோமீட்டர் துகள்களைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி, மார்பகக் கட்டி தெளிவாகத் தெரிந்ததாக அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் வெளியிட்டனர்.

பொம்மை மார்பகம்

எவ்வளவு தங்கம் இருந்தால் எந்திரத்தின் கண்ணுக்குப் படும்? இதை அறிய நோயாளி மீது திரும்பத் திரும்பக் கதிர் பாய்ச்ச முடியுமா? அதற்குத்தான் பொம்மை மார்பகம். ஆங்கிலத்தில் இதற்கு 'பேன்டம்', அதாவது ஆவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! ஜெலட்டின் அல்லது கடற்பாசியில் எடுக்கும் அகரைக் காய்ச்சி அச்சில் ஊற்றி, கொழுப்புக்குப் பதில் எண்ணெய் கலந்து, தங்கத் துகள் அடங்கிய சிறு உருண்டைகளை உள்ளே புதைக்கிறார்கள். எது எங்கே, எத்தனை மில்லிகிராம் என்பது புதைத்தவருக்குத் தெரியும். படம் பொய் சொன்னால் உடனே அகப்பட்டுக் கொள்ளும். (இராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகர் தயாராகிறது.)

தடையும் உண்டு. சற்றுப் பெரிய துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கிவிடுகின்றன. இரும்பு ஆக்சைடுத் துகள்கள் முந்திக் கொண்டன. நோய் முதலில் பரவும் அக்குள் நிணநீர் முடிச்சைக் கண்டறிய அவற்றைப் பயன்படுத்த 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது.

இதற்கிடையே, எந்திரமே இல்லாத வழியை மும்பை டாடா நினைவு மருத்துவமனை சோதித்தது. 1998-ல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் 2 ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தனர். 2021-ல் வெளியான முடிவின்படி, 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எக்ஸ்ரே படத்தில் பனி மூட்டம் அதிகம் விழுவதும் அவர்களுக்கே.